46 கேஜ் கம்பியில் கிட்டார் பிக்கப்: மதுரையில் வீட்டிலேயே சுற்றுவதற்கான முழு வழிகாட்டி

மோட்டார் காயில் கட்டும் கடை மதுரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும். வாசலில் பிரித்துப் போட்ட தண்ணீர் மோட்டார், உள்ளே கைச்சுற்று மெஷின், ஆணியில் தொங்கும் லெதராய்டு பேப்பர், மூக்கைத் துளைக்கும் வார்னிஷ் வாசனை. எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஒரு காயில்தான். ஆறு காந்தக் குச்சி, மேலும் கீழும் ஒரு தகடு, நடுவில் எட்டாயிரம் சுற்று கம்பி. பிரித்துப் பார்த்தால் அதற்கு மேல் உள்ளே ஒன்றும் இருக்காது.

ஆனால் மோட்டார் காயிலை அளக்கும் அதே கண்ணால் இதை அளந்தால் தப்பாகிவிடும். மோட்டாரில் மீட்டர் வைத்து ஓம் பார்த்ததும் வேலை சரியா இல்லையா என்று சொல்லிவிடலாம். பிக்கப்பில் ஓம் பாதி உண்மையைத்தான் சொல்லும். இங்கே சுற்றப்போவது 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஒற்றைக் காயில் பிக்கப். முதல் முயற்சிக்கு இதுதான் ஏற்றது. இரட்டைக் காயில் ஹம்பக்கரை, ஒற்றைக் காயில் இரண்டு சரியாக வந்தபிறகு தொடலாம்.

ஓமை நம்பாதீர்கள், சுற்றை எண்ணுங்கள்

காந்தக் குச்சி, மேலே இருக்கும் இரும்புத் தந்தியையும் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் தந்தியில் பிக்கப் ஊமையாக இருப்பது இதனால்தான். சுற்று கூடினால் சத்தம் கூடும். கூடவே இண்டக்டன்சும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் காயிலின் குணம்) ஏறும், அதுவும் சுற்றின் வர்க்கமாக ஏறும். சத்தத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது இந்த இண்டக்டன்சும் கேபிளின் கெப்பாசிட்டன்சும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்து உண்டாக்கும் முகடு, அதாவது சத்தம் மிகத் தூக்கலாக நிற்கும் அதிர்வெண்.

கணக்கிலேயே பார்த்துவிடலாம். 8000 சுற்று காயிலுக்கு இண்டக்டன்ஸ் சுமார் 2.4 ஹென்றி. காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோ ஃபேரட், கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபேரட் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் கேபிளில் முகடு 5.1 கிலோ ஹெர்ட்ஸில் நிற்கும். அதே கிட்டாரில் 6 மீட்டர் கேபிளைச் சொருகினால் 3.9-க்கு இறங்கும். பிக்கப்பைத் தொடவே இல்லை, சத்தம் மட்டும் மாறிவிட்டது. சுற்றை 10,000 ஆக்கினால் இண்டக்டன்ஸ் சுமார் 3.75 ஹென்றி, 3 மீட்டர் கேபிளிலேயே முகடு 4.1-க்கு வந்துவிடும். சத்தம் கனக்கும், மேல்பகுதியின் பளபளப்பு போகும்.

இப்போது ஓமுக்கு வருவோம். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் 42 ஏடபிள்யூஜி (அமெரிக்கக் கேஜ்) கம்பி என்று சொல்லும். செம்பின் விட்டம் 0.0635 மி.மீ. நம் ஊர்க் கடையில் கேஜ் என்றால் எஸ்டபிள்யூஜி, அதாவது பிரிட்டிஷ் கேஜ்; எண் கூடக் கூடக் கம்பி மெலியும். அதில் 46 கேஜ் 0.061 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனாலும் முழுக்க ஒன்றல்ல. சராசரிச் சுற்றின் நீளம் 138 மி.மீ. என்றால் 8000 சுற்றுக்கு 1.1 கிலோமீட்டர் கம்பி போகும். 42 ஏடபிள்யூஜியில் அது 6 கிலோ ஓம், நம் 46 கேஜில் 6.5, 47 கேஜில் 9-ஐத் தாண்டும். மூன்றிலும் சுற்று ஒன்றே, காந்தம் ஒன்றே, வெளிவரும் மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. "9 கே, செம ஹாட் பிக்கப்" என்று விற்பவர் கம்பியின் கேஜைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வெயிலும் இதில் விளையாடும். செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6.0 காட்டிய பிக்கப், சித்திரை மாதம் 38 டிகிரி அறையில் 6.4 காட்டும். கம்பி கெட்டுவிட்டதோ என்று பிரித்துவிடாதீர்கள். ஓமை எழுதி வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் அறை வெப்பத்தையும் எழுதுங்கள்.

கடைக்குப் போகும் முன்

கம்பிதான் முதல் தலைவலி. ஃபேனுக்கும் மிக்சிக்கும் காயில் கட்டும் கடையில் 26 முதல் 36 கேஜ் வரை அடுக்கி வைத்திருப்பார்கள். "அண்ணே, 46 கேஜ் இருக்கா?" என்றால் பல கடைகளில் சிரிப்புதான் பதில், ஏனென்றால் அவ்வளவு மெல்லிசான கம்பி மோட்டாருக்கு வேண்டியதில்லை. ரிலே காயிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றுகிறவர்களிடம் கேளுங்கள், அல்லது ஆன்லைனில் வாங்குங்கள். ஒரு பிக்கப்புக்கு 30 கிராம் போதும். 250 கிராம் ஸ்பூல் ஒன்று வாங்கினால் மூன்று பிக்கப் சுற்றி, அறுந்து வீணாவதற்கும் தாராளமாக மீதி இருக்கும். 45 கேஜ்தான் இருக்கிறது என்று கடைக்காரர் கொடுத்தால் வாங்க வேண்டாம். தடிமன் கூடுவதால் அதே இடத்தில் 6500 சுற்றைத் தாண்டாது.

மற்றவை:

- 5 மி.மீ. விட்டம், 17 மி.மீ. நீளமுள்ள அல்நிக்கோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தக் குச்சி, பிக்கப்புக்கு ஆறு. இது உள்ளூரில் கிடைப்பது அரிது, ஆன்லைன்தான்.
- தகட்டுக்கு 2.4 மி.மீ. மற்றும் 1.6 மி.மீ. ஃபைபர் ஷீட். கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஹைலம் ஷீட்.
- கேப்டன் டேப் (Kapton, சூடு தாங்கும் மெல்லிய டேப்) அல்லது பிளம்பர் டெஃப்ளான் டேப், சின்னப் பித்தளை ஐலெட் (கம்பி நுனியைக் கட்டும் வளையம்) இரண்டு, துணி உறை போட்ட வயர்.
- பாரஃபின் மெழுகு 400 கிராம், தேன்மெழுகு 100 கிராம்.
- மல்டிமீட்டர். முடிந்தால் இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டர். இரண்டாவது இருந்தால் பாதி சந்தேகம் தீரும்.

தகடும் காந்தமும்

கீழ்த் தகடு 2.4, மேல் தகடு 1.6. பிளாஸ்டிக் மூடியை முதலில் வாங்கிவிட்டு, அதன் உள்ளளவுக்கு ஏற்ப மேல் தகட்டை அறுங்கள். தகட்டை அறுத்துவிட்டு மூடி தேடினால் பெரும்பாலும் பொருந்தாது. முதல் குச்சியின் மையத்திலிருந்து ஆறாவது குச்சியின் மையம் வரை 52 மி.மீ., அடுத்தடுத்த துளைக்கு இடையே 10.4. உங்கள் கிட்டாரின் பாலத்தில் (பிரிட்ஜ்) தந்தி இடைவெளி வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு தகட்டையும் ஒன்றாகக் கிளாம்பில் பிடித்து ஒரே தடவையில் துளை போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஏதாவது ஒரு குச்சி சாய்ந்தே நிற்கும். 5 மி.மீ. குச்சிக்கு 4.9 துளை, இறுக்கமாக ஏறும். ஹைலம் ஃபைபரைப் போல் இளகிக் கொடுக்காது, விளிம்பில் விரிசல் விடும். அதில் துளையைச் சரியாக 5.0 வைத்து, அடியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். வீட்டு டிரில்லில் துளை ஆடினால் லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் இதெல்லாம் பத்து நிமிட வேலை.

குச்சியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். அல்நிக்கோ கண்ணாடி மாதிரி, ஓரம் சிதறும். வைஸில் மரக்கட்டை வைத்து மெதுவாக அழுத்துங்கள். தகடுகளுக்கு நடுவே காயிலுக்கான உயரம் 11 மி.மீ. கிடைக்க வேண்டும்.

பிறகு ஒரு வேலை இருக்கிறது, இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆறு குச்சியையும் சேர்த்துச் சுற்றிலும் ஒரு சுற்று கேப்டன் டேப் ஒட்டுங்கள். வார்ப்புக் காந்தத்தின் மேல் சொரசொரப்பு இருக்கும். முதல் அடுக்குக் கம்பி நேரடியாக அதன்மேல் உட்கார்ந்தால் கம்பியின் எனாமல் பூச்சு உரிந்து, காயில் காந்தத்தோடு ஷார்ட் ஆகும். எட்டாயிரம் சுற்றும் முடிந்தபிறகுதான் அது தெரியவரும்.

சுற்றும் மெஷின்

காயில் கடையில் இருக்கும் கைச்சுற்று மெஷினே போதும். பல் சக்கரம் வைத்து, ஒரு முறை கைப்பிடி சுற்றினால் தண்டு பல முறை சுற்றும்படி இருக்கும், எண்ணும் மீட்டரும் கூடவே வரும். வீட்டில் செய்வதென்றால் தையல் மெஷின் மோட்டாரும் அதன் கால் பெடலும் நல்ல ஜோடி. நேரடியாகத் தண்டில் மாட்டினால் வேகம் கட்டுக்கடங்காது, ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் புல்லியும் பெல்ட்டும் போடுங்கள். நிமிடத்துக்கு 500 சுற்று போதும், 16 நிமிடத்தில் 8000 முடிந்துவிடும்.

எண்ணுவதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்) ஈயம் வைத்து, தண்டில் சின்னக் காந்தம் ஒட்டி, 1+1 போட்டுவிட்டு ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடும். 500 சுற்று வேகத்தில் விநாடிக்கு எட்டு அழுத்தம்தான், தாங்கும். 800-க்கு மேல் போனால் மலிவான கால்குலேட்டர் எண்ணத் தவறும். வேகமாகச் சுற்ற விரும்பினால் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும் எண்ணுவதற்கு ஆர்டுயினோ போர்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முன் கையால் மெதுவாக நூறு சுற்று சுற்றி, எண்ணும் நூறு காட்டுகிறதா என்று பாருங்கள்.

தண்டின் நுனியில் ஒரு மரத்தட்டு, அதன்மேல் இரட்டைப் பக்க டேப், அதில் கீழ்த் தகடு. பாபின் (தகடும் குச்சியும் சேர்ந்த கூடு) தள்ளாடாமல் நடு மையத்தில் உட்கார வேண்டும். கம்பி ஸ்பூலைத் தரையில் நிறுத்தி வைத்து, அதன் தலைப்பக்கமாகக் கம்பியை மேலே இழுங்கள். ஸ்பூலே உருளும்படி வைத்தால், மெஷின் நின்றாலும் ஸ்பூல் நிற்காமல் உருண்டு கம்பியைச் சிக்கலாக்கும், அடுத்த இழுப்பில் அறுந்துவிடும்.

சுற்றுவது

ஃபேனை நிறுத்துங்கள். முடியை விட மெல்லிசான கம்பி, காற்றில் அலைந்து தகட்டு விளிம்பில் மாட்டும். அதனால் வேலையை அதிகாலையில் வையுங்கள். பகலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் கை வியர்க்கும், வியர்வை உப்பு எனாமலின் ஊசித்துளைகள் வழியாகச் செம்பைத் தின்னும். மாதங்கள் கழித்துக் காயில் திடீரென்று ஊமையாவதற்கு இது ஒரு காரணம். விரலுக்கு நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட்டோ மெல்லிய பருத்தித் துணியோ வைத்துக் கம்பியைப் பிடியுங்கள்.

கம்பி நுனியைக் கீழ்த் தகட்டில் பதித்த ஐலெட்டில் இரண்டு சுற்று சுற்றி, மெஷின் சுழலும் திசையை ஒரு தாளில் எழுதுங்கள். இது பிறகு தேவைப்படும். முதல் நூறு சுற்றைக் கையால் மெதுவாக வையுங்கள், பிறகு பெடலை அழுத்துங்கள்.

இழுவிசைதான் இந்த வேலையின் உயிர். 46 கேஜ் கம்பி சுமார் 70 கிராம் எடை தொங்கினால் அறும். சுற்றும்போது 25 முதல் 30 கிராம் இருக்க வேண்டும். இதைக் கைக்குப் பழக்க, ஒரு முழக் கம்பியின் நுனியில் ஐந்து ரூபாய் நாணயங்கள் நான்கைச் சின்னப் பையில் கட்டித் தொங்கவிட்டு, அதை விரலுக்கு நடுவே வழுக்கிக் கீழிறங்காத அளவுக்கு மட்டும் பிடித்துப் பாருங்கள். அந்தப் பிடிதான் வேண்டும். இறுக்கினால் கம்பி நீண்டு மெலிந்து ஓம் ஏறும், தகடு நடுவில் வளையும். தளர்ந்தால் சுற்றுகள் பஞ்சு மாதிரி உப்பி, 6500-லேயே மூடிக்குள் நுழையாது. தளர்ந்த காயில் பிறகு ஆம்ப் முன்னால் கத்தவும் செய்யும்.

கையை இடமும் வலமும் ஒரே சீராக நகர்த்துங்கள். தகட்டு ஓரத்தில் திரும்பும்போது கை ஒரு நொடி தயங்கும், அங்கேயே கம்பி குவிந்துவிடும். ஓரத்தில் வேகமாகத் திரும்புங்கள். கையால் ஒழுங்கில்லாமல் சுற்றிய காயிலுக்கென்று தனி ருசி உண்டு என்று இணையம் முழுக்கப் பேச்சு. அப்படிச் சுற்றினால் காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் குறையும் என்பது சரிதான். ஆனால் அந்த வித்தியாசத்தை ஒரு மீட்டர் கூடுதல் கேபிள் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். சீராகச் சுற்றுவதிலேயே கவனம் வையுங்கள்.

கம்பி அறுந்தால் அழ வேண்டாம். ஆயிரம் சுற்றுக்குள் என்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அதற்கு மேல் என்றால் ஒட்டலாம். இரண்டு நுனியையும் 1000 நம்பர் உப்புத்தாளில் மடித்து இரண்டு முறை மெல்ல இழுத்தால் எனாமல் போய்விடும். முறுக்கி, துளி ஈயம் வைத்து, அரிசி அளவு கேப்டன் டேப்பில் மூடி, காயிலின் தட்டையான பக்கத்தில் படுக்க வைத்துத் தொடருங்கள். சில கம்பிகளின் எனாமல் ஈயத்தின் சூட்டிலேயே கரைந்துவிடும், அவற்றுக்கு உப்புத்தாள் வேண்டாம். ஈயத் துளியில் நுனியை மூன்று விநாடி வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

8000 வந்ததும் நிறுத்தி, முடிவு நுனியை இரண்டாவது ஐலெட்டில் கட்டுங்கள். வெளி நுனியை எர்த்துக்கும் உள் நுனியை ஹாட்டுக்கும் (சிக்னல் போகும் பக்கம்) வைத்துக்கொண்டால் வெளி அடுக்குகளே உள்ளே இருப்பதற்கு ஓரளவு கவசமாக நிற்கும். செட்டில் மூன்று பிக்கப் என்றால் மூன்றிலும் இதே வழக்கத்தைப் பின்பற்றி, நடுப் பிக்கப்பை மட்டும் எதிர்த்திசையில் சுற்றுங்கள். கடைசியில் குச்சிக்குக் காந்தம் ஏற்றும்போது துருவத்தையும் அதற்கு மட்டும் தலைகீழாக வைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பிக்கப்பைச் சேர்த்துப் போடும் சுவிட்ச் இடங்களில் ஹம் (மின்சார உறுமல்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். சுற்றுத் திசையை மட்டும் மாற்றிக் காந்தத்தை மறந்தால் ஹம்மோடு பாட்டும் மறைந்து, சத்தம் தகர டப்பா மாதிரி வரும்.

அளந்து பார்க்கும் நேரம்

46 கேஜில் 30 டிகிரி அறையில் 6.7 கிலோ ஓமுக்கு அக்கம்பக்கம் வர வேண்டும். மீட்டர் எல்லையைத் தாண்டிக் காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, பத்தில் எட்டுத் தடவை ஐலெட் பக்கத்தில்தான். சுற்று சரியாக இருந்தும் 5.5 காட்டினால் நடுவில் எனாமல் உரிந்து ஒரு பகுதி ஷார்ட் ஆகியிருக்கிறது. கொஞ்சம் சுற்றுகளே ஷார்ட் ஆனால் ஓமில் தெரியாது, இண்டக்டன்ஸ் மீட்டரில் எண் சட்டென்று விழுந்து காட்டிக்கொடுக்கும். கடைசியாக ஒரு முனையை காயிலிலும் இன்னொன்றை ஒவ்வொரு குச்சியிலும் வைத்துப் பாருங்கள். ஆறிலும் மீட்டர் எல்லையைத் தாண்டியே காட்ட வேண்டும்.

மெழுகு

மெழுகு ஏற்றாத காயிலில் கம்பிகள் தனித்தனியாக அதிரும், ஆம்ப் சத்தம் கூட்டியதும் விசில் அடிக்கும். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். நேரடி அடுப்பில் ஒருபோதும் வேண்டாம், மெழுகு ஆவி தீப்பிடிக்கும். வெப்பமானி 65 டிகிரி காட்டட்டும், 70-ஐத் தாண்டினால் பிளாஸ்டிக் மூடி நெளியும், மூடியைத் தனியே வைத்துவிடுவது நல்லது. பிக்கப்பை நூலில் கட்டி முக்கினால் குமிழ் குமிழாகக் காற்று வெளிவரும். குமிழ் நின்றபிறகும் ஐந்து நிமிடம் விடுங்கள், மொத்தம் இருபது நிமிடம். எடுத்துத் துணியால் துடைத்து, தட்டையான இடத்தில் ஆற விடுங்கள்.

மோட்டார் வார்னிஷில் முக்கலாமா என்று காயில் கடைக்காரர் நிச்சயம் கேட்பார். வேண்டாம். காய்ந்தபிறகு அந்தக் காயிலைப் பழுது பார்க்கவே முடியாது, அதன் தின்னர் பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

இப்போதுதான் குச்சிகளுக்குக் காந்தம் ஏற்ற வேண்டும், சூடும் அழுத்தமும் முடிந்தபிறகு. 25 மி.மீ. நியோடிமியம் காந்தம் இரண்டை வைஸின் இரு தாடையிலும் ஒட்டி, ஒன்றையொன்று ஈர்க்கும்படி, நடுவில் 20 மி.மீ. இடைவெளி விட்டு, பிக்கப்பை இடையே ஒரே திசையில் நுழைத்து எடுங்கள். விரல் நடுவில் மாட்டினால் நசுங்கும், மரத்துண்டால் தள்ளுங்கள். ஆறு குச்சியின் தலையும் ஒரே துருவமா என்று திசைகாட்டியில் பாருங்கள்.

கிட்டாருக்குள்

ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம் லாக் (லாகரிதமிக்) வால்யூம் பாட், அதாவது குமிழால் திருகும் மாறுதடை. ரேடியோ கடைகளில் 470 கிலோதான் சுலபமாகக் கிடைக்கும். அதுவே இருக்கட்டும், அதன் வெளிக் கால் இரண்டுக்கும் இடையே ஒரு 470 கிலோ ரெசிஸ்டர் போடுங்கள், பிக்கப்புக்கு 235 கிலோ சுமையாகத் தெரியும், குமிழின் நடத்தையும் மாறாது. டோனுக்கு 0.022 மைக்ரோ ஃபேரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டர். இதற்கு விலை உயர்ந்த 'விண்டேஜ்' கெப்பாசிட்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

உட்குழி முழுக்கச் செம்பு டேப் ஒட்டி, துண்டுகளின் இணைப்பில் ஈயம் வையுங்கள். ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். பாலத்துக்கு ஒரு எர்த் வயர் கட்டாயம். தந்திக்கும் பிக்கப் தலைக்கும் உள்ள இடைவெளியைக் கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளந்து, தடித்த தந்திப் பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.4 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். இன்னும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுக்கும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும்.

சோதனை ஆம்ப்

எல்எம்386 ஐசி ஒன்றில் சின்ன ஆம்ப் செய்து பிக்கப்பைச் சோதிக்கலாம். நேராகச் சொருகாதீர்கள். அதன் உள்ளீட்டுத் தடை 50 கிலோ ஓம்தான், எந்த நல்ல பிக்கப்பும் அதில் மங்கிப்போகும். நடுவில் டிஎல்072 ஐசியால் ஆன பஃபர் (பிக்கப்பின் மேல் சுமை ஏறாமல் காக்கும் சுற்று) வேண்டும். 9 வோல்ட்டைப் பாதியாக்க 100 கிலோ ஓம் இரண்டு, நடுப்புள்ளியில் 10 மைக்ரோ ஃபேரட். அந்த நடுப்புள்ளியிலிருந்து 1 மெகா ஓம் மூன்றாம் காலுக்கு. கிட்டாரிலிருந்து 0.022 மைக்ரோ ஃபேரட் வழியாக அதே மூன்றாம் காலுக்கு. ஒன்றாம் காலையும் இரண்டாம் காலையும் சேருங்கள். எட்டாம் கால் பாசிட்டிவ், நான்காம் கால் எர்த். பயன்படாத பாதியில் ஆறும் ஏழும் சேர்த்து, ஐந்தை நடுப்புள்ளிக்குக் கொடுங்கள்.

ஒன்றாம் காலிலிருந்து 1 மைக்ரோ ஃபேரட், 10 கிலோ ஓம் வால்யூம், அதன் நடுக்கால் எல்எம்386-இன் மூன்றாம் காலுக்கு. இரண்டும் நான்கும் எர்த், ஆறு பாசிட்டிவ், ஐந்தாம் காலிலிருந்து 220 மைக்ரோ ஃபேரட் வழியாக 8 ஓம் ஸ்பீக்கர். ஐந்தாம் காலிலிருந்தே எர்த்துக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோ ஃபேரட்டும் தொடராக. இதை விட்டால் காதுக்குக் கேட்காத ஆட்டம் போட்டு ஐசி சூடாகும். ஆறாம் காலுக்கு அருகிலேயே 100 மைக்ரோ ஃபேரட். மலிவு அடாப்டர் வேண்டாம், அதன் கீச்சு பிக்கப்பின் குறையா அடாப்டரின் குறையா என்று தெரியாமல் போய்விடும். பென்சில் பேட்டரி ஆறு போதும்.

ஹம் எங்கிருந்து வருகிறது

கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்புங்கள். திரும்பத் திரும்ப ஹம் கூடிக் குறைந்தால், பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் காயிலில் ஏறுகிறது. செம்பு டேப் எத்தனை ஒட்டினாலும் இது போகாது. தந்தியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் ஷீல்டிங் பாக்கி. தொட்டதும் கூடினால் ஹாட்டும் எர்த்தும் எங்கோ மாறிக் கிடக்கின்றன.

வீட்டில் கேட்கும் கரகர சத்தத்துக்குப் பாதி நேரம் காரணம் ஃபேன் ரெகுலேட்டர். குமிழைத் திருகி நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் வகை, மின் அலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அதை முழு வேகத்தில் வைத்தாலே சத்தம் பாதியாகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிபடியாக நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கத்தினால் அது ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டர். பிக்கப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

மேடைக்குப் போகும் முன்

திருவிழா மேடையில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் பந்தல் வயரிங்கும் ஒன்றாகச் சேரும். பாலத்துக்குப் போட்ட எர்த் வயர் வழியாக, ஆம்பில் எர்த் இல்லாத இடத்தில் மின்சாரம் அப்படியே உங்கள் விரலுக்கு வந்துவிடும். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒற்றை இலக்க வோல்ட் என்றால் சரி. 80 முதல் 110 காட்டினால் ஏதோ ஒரு பொருளுக்கு எர்த் இல்லை, உதடு மைக்கில் பட்டால் சுரீரென்று இழுக்கும். 200-க்கு மேல் காட்டினால் யார் அவசரப்படுத்தினாலும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். பல மேடைகளில் மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் பிளக்காகச் சொருகி வைத்திருப்பார்கள், முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.

கச்சேரி முடிந்து கிட்டாரைக் காருக்குள் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்திப் போகாதீர்கள். மூடிய காரின் உள்ளே மெழுகு இளகும் அளவுக்குச் சூடு ஏறும், ஏற்றிய மெழுகு வழிந்து வால்யூம் பாட்டுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் இறங்கிவிடும்.